ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து வரும் பெட்டி

டிசம்பர் 6, சனி

காலையிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். ஆஸ்பத்திரியில் இருக்கிற தங்கச்சி கயலுக்குக் கொடுக்கிற துணி எல்லாவற்றையும் இஸ்திரி போட்டு, சூடு ஆறுவதற்குள் பையில் கட்டிவிட வேண்டும் என்று வார்டில் உத்தரவு. கிருமி பயம். மூன்று நைட்டி, நான்கு துண்டு. இஸ்திரிப் பெட்டியில் சுண்டுவிரலைச் சுட்டுக்கொண்டேன்.

டைல்ஸ் கடைக்கு லீவு சொல்லியாச்சு. அங்கே கணக்கு எழுதுவது நான் ஒருத்திதான். "தங்கச்சியப் பாரும்மா, கணக்கு எங்க ஓடிப் போகுது" என்றார் முதலாளி. நல்ல மனுஷன்.

டாக்டர் இன்று என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

- இப்போது கயலுக்கு ஏறும் கீமோ முன்பு ஏறியது போல இல்லை. எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜையையே துடைத்துவிடும். புற்றும் போகும், சொந்த ரத்தம் ஊறுவதும் நின்றுவிடும்.
- ஜெர்மனியில் பொருத்தமான ஒருவர் ஸ்டெம் செல், அதாவது ரத்தத்துக்கு விதையான அணு, தருகிறார். அதை ஏற்றினால்தான் மறுபடி ஊறும்.
- எடுத்ததிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.
- முன்பே வாங்கி உறைய வைத்திருக்கலாமே என்று கேட்டேன். கொடுப்பவருக்கு இந்த வாரம்தான் தோதுப்பட்டதாம். கயலின் நோயும் காத்திருக்காதாம்.

"அப்ப இந்த மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா..." என்று இழுத்தேன்.

"ஆரம்பிச்சாச்சும்மா. இனி திரும்பிப் போற வழி இல்ல. அது வந்தாகணும்."

அம்மாவிடம் சொல்லவில்லை. 'வெளிநாட்டு ரத்தம் ஏத்தப் போறாக' என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பசுமலை வீட்டில் அடுப்படியும் சாமி படமுமாக இருக்கிறாள். இருக்கட்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

மழை இல்லை. புழுக்கம்.

மாஸ்க், கவுன், தொப்பி மாட்டிக்கொண்டு கயலிடம் அரை மணி நேரம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்கு அனுப்பிய வீடியோவை மூன்று தடவை போட்டுக் காட்டினாள். ஒன்பதாம் வகுப்பு. இவள்தான் கணக்கு டீச்சர். "இந்தா இவனைப் பாருக்கா. ஒரு நாள் வீட்டுப்பாடம் செஞ்சதில்ல. அழுகுறான் பாரு."

பிறகு போனை வைத்துவிட்டு, "எம்புட்டு தூரம்க்கா?" என்றாள்.

எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. இருவருமாகப் பார்த்தோம். ஃபிராங்க்ஃபர்ட் – மதுரை நேர்கோட்டில் ஏழாயிரத்து எழுநூறு கி.மீ. சொச்சம். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாய் வரை ஆறு மணி நேரம். துபாய் – சென்னை நான்கு. சென்னை – மதுரை ஒன்றேகால். நடுவில் காத்துக் கிடப்பது தனி. சண்டை நடக்கிற நாடுகளைச் சுற்றிக்கொண்டு வந்தால் இன்னும் கூடும்.

"பறக்குற நேரம் அரை நாள் கூட இல்ல. தாராளமா வந்துரும்" என்றாள். எனக்குத் தைரியம் சொன்னாளா, தனக்கேவா, தெரியவில்லை.

கொடுப்பவர் யாரென்று சொல்ல மாட்டார்கள். ஆண், முப்பது வயதுக்குள். அவ்வளவுதான்.

கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் இருந்தும் அந்நியரிடம் போக வேண்டியதாயிற்று. எனக்குப் பாதிப் பொருத்தம். சௌந்தர் அண்ணனுக்கு அதுவும் இல்லை. அவன் பெங்களூரில் டாக்சி ஓட்டுகிறான். டெஸ்ட்டுக்கு வா என்று எத்தனை தடவை கூப்பிட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தான். அண்ணிக்குப் பயம், இவனுக்கும் பயம். கடைசியில் வந்து கொடுத்தான். சேரவில்லை என்று தெரிந்த அன்று இதே ஆஸ்பத்திரி வராண்டாவில், "அதான் சேரலைன்னு ஆயிப்போச்சுல்ல. இனி என்னைய எதுக்கு விரட்டுறீக" என்று கத்திவிட்டுப் போனவன்தான். அதற்குப் பிறகு போன் இல்லை. நானும் செய்யவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

ஜெர்மனியில் இன்று எடுக்கிறார்கள். காலையிலிருந்து கை ஓடவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சு. கேண்டீனில் பக்கத்து மேசையில் ஒருவர்: "மாப்ள, சால்னாவக் கொஞ்சமா ஊத்தச் சொல்லு, வயிறு கேக்கல." உலகம் அதுபாட்டுக்கு ஓடுகிறது.

மாலை ஏழு மணிக்கு ஸ்டெல்லா மேடம் வந்தார். இந்த வேலைக்கென்றே ஆஸ்பத்திரியில் இருக்கிற கோஆர்டினேட்டர். முகத்தைப் பார்த்ததுமே சரியில்லை என்று தெரிந்தது.

"எடுத்துட்டாங்க மலர். ஆனா போதல. வேண்டியதுல பாதிக்கு மேல கொஞ்சம்தான் வந்திருக்கு. நாளைக்கும் அவர் உக்காந்து குடுக்கணும். குடுக்கிறேன்னு சொல்லிட்டார்."

அப்படியானால் இரண்டு பை. முதல் பைக்கு நேரம் இன்று மாலை ஆறரைக்கே தொடங்கிவிட்டது. வியாழன் மாலை ஆறரை வரைதான் கெடு. இரண்டும் சேர்ந்தால்தான் போதும். ஒன்று கெட்டாலும் குறை.

முகம் தெரியாத அந்த ஆள் நாளைக்கும் லீவு போட்டுவிட்டு இரண்டு கையிலும் ஊசியோடு உட்காரப் போகிறார். சாப்பிட்டிருப்பாரா?

டிசம்பர் 9, செவ்வாய்

இரண்டாவது பையும் ஆயிற்று. போதும் என்றார்களாம். ஸ்டெல்லா மேடம் என் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

கொண்டு வருபவர் பெயர் ஹெல்கா. அறுபது வயதைத் தாண்டிய அம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சம்பளம் இல்லாமல் இதைச் செய்கிறாராம். பெட்டி கையை விட்டுப் போகக்கூடாது. எக்ஸ்ரே மெஷினுக்குள் விடக்கூடாது. அதற்குத் தனிக் கடிதம். கழிவறைக்குப் போனாலும் கூடவே போகும். உள்ளே குளிர் இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது, எட்டுக்கு மேலே ஏறக்கூடாது.

இன்றிரவு அங்கே விமானம் ஏறினால் நாளை மாலைக்குள் மதுரை. நாளை ஏற்றுவதாகத்தான் ஏற்பாடு.

கயலுக்கு வாயெல்லாம் புண். எச்சில் விழுங்க முடியவில்லை. எழுதிக் காட்டுகிறாள். "நாளைக்கா?" நாளைக்குத்தான் என்று தலையாட்டினேன்.

டிசம்பர் 10, புதன்

எழுந்ததும் போன். ஃபிராங்க்ஃபர்ட்டில் பனி கொட்டுகிறது. இரவு விமானம் ரத்து. ஹெல்கா பெட்டியோடு விமான நிலையத்து நாற்காலியில்.

பனி. இங்கே நான் மின்விசிறிக்குக் கீழே வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். எவனோ அங்கே ரன்வேயில் பனியைச் சுரண்டினால்தான் என் தங்கச்சிக்கு ரத்தம்.

மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. கயலுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு. வெள்ளை அணு பூஜ்யம். எதிர்பார்த்ததுதான் என்று நர்ஸ் சொன்னார். எதிர்பார்த்தது என்றால் பயப்படக்கூடாதா?

மூன்று மணிக்கு டாக்டர் கூப்பிட்டார். வராவிட்டால் என்ன செய்வது என்று பேச்சு. என்னுடையது பாதிப் பொருத்தம். இடுப்பெலும்பிலிருந்து எடுத்து ஏற்றலாம். "ஆனா அதுக்குன்னு இவங்க உடம்பத் தயார் பண்ணலம்மா. ஆபத்து ஜாஸ்தி. கடைசி வழியா வெச்சுக்குவோம். நாளைக்குக் காலையில சாப்பிடாம வாங்க." சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, இரண்டு தடவை உதறினேன்.

பிறகு உள்ளே போனேன். கயல் விழித்திருந்தாள். புண் வாயோடு பேசினாள்.

"ஃப்ளைட் வரலையாக்கா?"

"பனி. வேற ஃப்ளைட்டு பாக்குறாக."

"வரலைன்னா?"

அம்மாவிடம் சொல்வது போல ஏதாவது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"வரலைன்னா என்னோடத எடுத்துப் போடுவாக. அது உன் உடம்புக்கு ஒத்துக்குமான்னு அவுகளுக்கே தெரியல. கஷ்டந்தான்டி."

அழுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"நீயாச்சும் உள்ளதச் சொன்னியே. எல்லாரும் வந்து 'ஒண்ணும் ஆகாது'ங்கும்போதுதான் பயமா இருந்துச்சு" என்றாள். கையை நீட்டினாள். கையுறைக்கு மேலேயே பிடித்துக்கொண்டேன். அனலாகச் சுட்டது.

மாலை ஆறு: மத்தியான விமானத்தில் இடம் கிடைத்துவிட்டது. அவர்களுக்கு மத்தியானம், நமக்கு ஏழரை. இரவு எட்டு: ஏழு ஐம்பதுக்குக் கிளம்பிவிட்டது என்று செய்தி. போனில் சின்ன மஞ்சள் விமானம். நகர்கிறதா என்று பார்த்தால் நகரவே இல்லை. வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் நகர்ந்திருக்கிறது.

அம்மா: "சோறு எறங்கலையா? என்னத்தா ஒரு மாதிரி இருக்க?" தலைவலி என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

காலை. தண்ணீர் மட்டும் குடித்தேன். சென்னையில் விடாத மழை. டிவியில் முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளிப் போகிறார்கள். பெட்டி துபாயில் விமானம் மாறியாயிற்று. கடல் தாண்டியாயிற்று.

ஏழே முக்கால். சென்னைக்கு மேலே விமானம் சுற்றுகிறது. ஒரு சுற்று. இரண்டு. இறங்கவில்லை.

எட்டேகால். மூக்கை மேற்கே திருப்பிவிட்டது.

ஸ்டெல்லா மேடம் ஓடி வந்தார். "பெங்களூருக்குத் திருப்பிட்டாங்க. சென்னை ரன்வே மூடியாச்சு."

ஒன்பது. பெங்களூரில் இறங்கியாயிற்று. ஆனால் கதவைத் திறக்கவில்லை. மழை விட்டால் சென்னைக்கே திரும்பிப் போகலாம் என்று எல்லோரையும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். மேடம் நின்ற இடத்திலேயே நான்கு பேரிடம் பேசுகிறார், தமிழ், இங்கிலீஷ், இந்தி. "மேடம், அது லக்கேஜ் இல்ல, ஒரு பேஷண்ட்டோட உயிர்... இல்ல, பேஷண்ட் ஃப்ளைட்ல இல்ல, மதுரையில இருக்காங்க... கேளுங்க சார்..."

ஒன்பதே முக்கால். விமான ஊழியர்களுக்கு வேலை நேரம் முடிந்துவிட்டதாம். எல்லோரையும் இறக்குகிறார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக யாருக்கோ டியூட்டி முடிந்ததற்குச் சாமியைக் கும்பிட்டேன்.

அடுத்தது எப்படி என்று டாக்டர் அறையில் பேச்சு. மதுரை விமானம் கிளம்பாவிட்டால் என்று ஏற்பாடு செய்திருந்த கார் சென்னையில் தண்ணீரில் நிற்கிறது. மத்தியானம் பெங்களூர் – மதுரை விமானம் உண்டு, ஆனால் இடமில்லை. கிடைத்தாலும் கிளம்புமா என்று சொல்ல ஆளில்லை. டாக்டர், "வானத்த நம்பினது போதும். ரோட்டுல வரட்டும்" என்றார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "புக் பண்ணினா வண்டி வரும். ஆனா யாரு எப்படின்னு தெரியாத டிரைவர், இந்த மழை, அந்த வயசான அம்மா தனியா. பெங்களூர்ல வண்டியோட உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாராவது?"

இருந்தான், சௌந்தர் அண்ணன். நம்பரைத் தேடிப் போட்டேன்.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும். மேடத்தின் போனை வாங்கி அதிலிருந்து போட்டேன். எடுத்தான்.

"அண்ணே, மலரு பேசுறேன்."

ஹாரன் சத்தம் மட்டும். பிறகு, "கயலா?" என்றான். முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறான்.

"இல்லண்ணே, இருக்கா. கேளு." எல்லாம் சொன்னேன். எங்கே தொடங்கி எங்கே முடித்தேன் என்று தெரியாது.

"எந்த டெர்மினலு?"

"நீ எங்க இருக்க?"

"எலக்ட்ரானிக் சிட்டி. ஊருக்கு அந்தக் கோடி. வண்டியில இருக்க சவாரிய எறக்கி விட்டுட்டு வாரேன். அந்தம்மா பேரு என்ன சொன்ன?"

"ஹெல்கா."

"சரி, வையி."

பதினொன்றரை. மேடம் போனில் ஒரு படம். பின் சீட்டில் வெள்ளை முடி அம்மா, மடியில் நீலப் பெட்டி, பெட்டிக்கும் சேர்த்து சீட் பெல்ட். முன்னால் அண்ணனின் பின்மண்டை. நரைத்திருக்கிறது.

இனிமேல் வரைபடத்தில் புள்ளி. ஓசூர். கிருஷ்ணகிரி. தருமபுரி. ரோட்டில் வருவது விமானத்தை விட வேகமாகத் தெரிகிறது.

மூன்று மணி. தொப்பூர் மலைப்பாதையில் நின்றுவிட்டது. நகரவே இல்லை. அண்ணனுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. ஹெல்காவுக்கும் அப்படியே.

மூன்றரை. அங்கேயே.

யாரோ படியேறி வருகிறார்கள். அம்மா. கையில் குடை, சேலை முழங்கால் வரை நனைந்து.

"ஏத்தா, உங்கண்ணன் காலையில போன் பண்ணுனான். 'கயலு உசுரு என் வண்டியில இருக்கு, சாமியக் கும்பிட்டுக்கம்மா'ங்கிறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. மத்தியானம் வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன். என்னடி நடக்குது?"

இதற்கு மேல் மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. காலையிலிருந்து சாப்பிடவும் இல்லை. சொன்னேன். மஜ்ஜை துடைத்ததிலிருந்து தொப்பூர் வரைக்கும்.

பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரக் குடையை மடக்க முயன்றாள், மடங்கவில்லை, கீழே வைத்தாள். "எங்கிட்டச் சொன்னா நான் என்ன செத்தா போயிருப்பேன்? உங்கப்பன் செத்தப்பவே நான் சாகல. பெத்தவ நானா நீயா?"

குடையை எடுத்து மடக்கிச் சுவரோரம் சாய்த்தேன்.

"இப்ப எங்கதான் நிக்கிறான்? காட்டு" என்றாள். போனைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்கால். அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஏய், நகருதுடி."

சேலம். நாமக்கல். கரூர்.

ஆறரை. திண்டுக்கல்லுக்கு வடக்கே. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

டிசம்பர் 12, வெள்ளி

வெயில்.

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இரவு ஏழே முக்காலுக்கு வண்டி போர்ட்டிகோவில் வந்து நின்றது. டாக்டர், ஸ்டெல்லா மேடம், லேப் ஆட்கள் எல்லோரும் வாசலில். ஹெல்காவால் காலை ஊன்ற முடியவில்லை. ஆனாலும் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்று மேடத்தின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கையெழுத்து வாங்கினார். மூடியில் இருந்த எண்ணைக் காட்டினார். நான்கு டிகிரி. அப்புறம்தான் கையை எடுத்தார்.

பெட்டி போய்விட்டது. முதல் பைக்கு நேரம் தாண்டிவிட்டது. அதில் எவ்வளவு செல் உயிரோடு இருக்கிறது என்று லேப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நேரம்தான் எல்லாவற்றையும் விடக் கொடுமை. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டி ஈரம். கேட்காமலே சொன்னான்.

"தொப்பூர்ல லாரி கவுந்து கெடக்கு. ரெண்டு கிலோமீட்டருக்கு வண்டி. அந்தம்மா கிட்ட இருந்த லெட்டர சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு மழையில ஓடுனேன். இன்ஸ்பெக்டரு படிச்சாரு. எனக்கு இங்கிலீஷு வராது, 'என் தங்கச்சி சார்'னேன். அம்புட்டுத்தான். எதிர் ரூட்ட நிறுத்தி, முன்னாடி ஒரு பைக்க விட்டாரு."

"நனைஞ்சிட்ட" என்றேன்.

"ரத்தம் சேரலைன்னு அன்னைக்குச் சொன்னப்ப, எனக்கு என்னமோ அவளுக்கு நான் அண்ணனே இல்லைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு மலரு. அதான் கத்துனேன்."

அம்மா நடுவில் வந்து, "பேசுனது போதும், சட்டைய மாத்து" என்று என் துப்பட்டாவை எடுத்து அவன் தலையைத் துவட்டினாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கினார். "ரெண்டு பையும் நல்லா இருக்கு. ஏத்துறோம்."

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வந்தது உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு பை. தக்காளி ரசத்தின் நிறம். கயல் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" என்றாள். பாதி ஏறும்போதே தூங்கிவிட்டாள்.

இன்று காலை ஹெல்கா, ஸ்டெல்லா மேடத்தின் அறையில் சோபாவில். கால் இரண்டும் வீங்கி மினுமினுப்பு. அம்மா பார்த்தாள், போனாள், வாளியில் உப்புப் போட்ட சுடுதண்ணீரோடு வந்தாள். பாஷை ஒன்றும் கிடையாது. காலைத் தூக்கி உள்ளே வைத்து, மணலில் புதைப்பது போல இரண்டு கையாலும் அமுக்கினாள். அந்த அம்மா முதலில் கூசினார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் உள்ளே போக மாட்டேன் என்றான். "ரோட்டு அழுக்கெல்லாம் என் மேலதான் இருக்கு." கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான். கயல் கையைத் தூக்கினாள். இவனும் தூக்கினான். மதியமே பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான், ஹெல்காவையும் கூட்டிக்கொண்டு. விமான நிலையத்தில் விட்டுவிட்டு அங்கிருந்தே சவாரி எடுப்பானாம்.

நான் சாப்பிட்டேன். ஐந்து இட்லி.

டிசம்பர் 19, வெள்ளி

எழுதாமல் ஒரு வாரம். எழுத ஒன்றும் இல்லை, எல்லாம் காய்ச்சல். வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு. நேற்றுக் கயல் என்னிடம், "போதும்க்கா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு" என்றாள். உள்ளே நர்ஸ் இருந்ததால் அழவில்லை. படிக்கட்டுக்குக் கீழே போய் அழுதேன்.

இன்னும் பூஜ்யம். டாக்டர்: "நாத்து நட்ட மறுநாளே வயலப் பாக்காதீங்க. வேர் பிடிக்கணும்." சரிதான். ஆனால் வேர் பிடிக்காமலும் போகும் என்று அவர்தானே முன்பு சொன்னார்.

அண்ணன் தினமும் சாயங்காலம் போன்.

"பூச்சியமா?"

"பூச்சியந்தான்."

"சரி." வைத்துவிடுவான்.

அம்மா இன்று ஒரு கேள்வி கேட்டாள். "அந்தப் பையனுக்கு அம்மா இருக்காளா? மகன் இப்படிக் குடுத்து விட்டிருக்கான்னு அவளுக்குத் தெரியுமா?" யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன். "சொல்லாட்டி என்ன. அவ நல்லா இருக்கட்டும்."

டிசம்பர் 27, சனி

பனி மூட்டம், பிறகு வெயில். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும். முதலாளி வருஷக் கணக்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன்.

பதினொரு மணிக்கு ஸ்டெல்லா மேடம் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஓடி வரவில்லை. நடந்து வந்தார். அதனாலேயே எனக்குப் பயம்.

"நேத்து கொஞ்சம் தெரிஞ்சது, சொல்லல. மெஷின் தப்பா இருக்கும்னு இன்னைக்கு ரெண்டு தடவ போட்டுப் பாக்கச் சொன்னேன். ஏறுது மலர். அறுநூறு."

வெள்ளை அணு. முந்தாநாள் வரை இல்லாதது. ஆரோக்கியமான ஆளுக்கு இதைப் போலப் பல மடங்கு வேண்டும். இனி அவளுடைய ரத்த வகை கூட மாறிவிடும். ஓ பாசிட்டிவ் போய், கொடுத்தவருடைய ஏ பாசிட்டிவ். டாக்டர் உடனே எச்சரித்தும் விட்டார். இது முதல் படி, இன்னும் பல மாதம் ஆபத்து உண்டு, வீட்டுக்குப் போனாலும் கூட்டம் கூடாது, பூ, மண், வெளிச்சாப்பாடு எதுவும் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதுவும் காதில் ஏறவில்லை.

கயலிடம் அறுநூறு என்று சொன்னபோது, "சரியா எம்புட்டு?" என்றாள். ரிப்போர்ட்டில் இருந்தபடி அறுநூற்றுப் பத்து என்றேன். "அந்தப் பத்த ஏன் முழுங்குற?" என்றாள்.

அம்மாவுக்குச் சொல்லி, அவள் அடுப்பை அணைக்க மறந்து, பால் பொங்கி, ஒரே களேபரம்.

சாயங்காலம் வரைக்கும் பொறுக்காமல் அண்ணனுக்கு நானே போட்டேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் எடுத்தான்.

"என்ன, இந்நேரத்துல?"

"அறுநூத்திப் பத்துண்ணே."

இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. வண்டி ஓரமாக நின்றது போலிருந்தது. மூக்கை உறிஞ்சினான்.

பின்னால் ஒரு ஆள் குரல், சென்னைத் தமிழ். "இன்னா டிரைவர், எனி பிராப்ளம்? எனக்கு ஃப்ளைட்டுக்கு லேட் ஆவுது."

"ஒண்ணுமில்ல சார். ஊருல இருந்து போன். தங்கச்சிக்கு ஒடம்பு நல்லாயிருச்சு."

அப்படி இன்னும் சொல்லக்கூடாது. டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்கிறார். நான் திருத்தவில்லை.

"அப்டியா? ரொம்ப சந்தோஷம்பா. நிதானமாவே போ" என்றார் அந்த ஆள்.

வண்டி நகர்ந்தது. அண்ணன் போனை வைக்க மறந்துவிட்டான். நானும் வைக்கவில்லை.